பழைய பெட்டியை ‘மொட்’ பண்ணக் கொடுத்து 25,500 ரூபாயை விட்ட கதை

பழைய மீடியா பிளேயரை ‘மொட்’ பண்ணித் தருகிறோம், அதாவது உள்ளே இருக்கும் சொப்ட்வெயாரை மாற்றித் தருகிறோம், எல்லா வீடியோவும் ஓடும் என்று யாராவது சொன்னால், பெட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். நான் வரவில்லை.

எங்கள் வீடு வெள்ளவத்தையில். அப்பாவின் 2 டெராபைட் ஹார்ட் டிஸ்கில் பழைய படங்களும் யாழ்ப்பாணத்துக் கல்யாண வீடியோக்களும் நிறைய. அவற்றை டிவியில் போட டபிள்யூடி டிவி லைவ் பெட்டி ஒன்று பல வருடமாக ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. தங்கை லண்டனில் இருந்து அனுப்பும் புது வீடியோக்கள் மட்டும் அதில் ஓடாது. சத்தம் வரும், படம் வராது. எல்லாம் எச்.265 வகை, அதாவது வீடியோவைச் சின்னதாகச் சுருக்கி வைக்கும் ஒரு புது முறை.

புறக்கோட்டையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்ணை, இது சின்ன வேலை. சொப்ட்வெயார் மாத்தினா எல்லாம் ஓடும்” என்றார். 6,500 ரூபாய். சரி என்று கொடுத்தேன்.

பிறகுதான் விசயம் விளங்கியது. எச்.265 வந்தது 2013இல். என் பெட்டி 2011 மாடல். அந்த வகை வீடியோவை விரித்துக் காட்ட சிப்புக்குள்ளேயே அதற்கென்று ஒரு பகுதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிராசஸர் தனியாகக் கணக்குப் போட வேண்டும். அந்தச் சின்னப் பிராசஸருக்கு அது ஏலாது. ஃபர்ம்வெயாரை, அதாவது பெட்டிக்குள் இருக்கும் அடிப்படை சொப்ட்வெயாரை, மாற்றினால் மெனு அழகாகும், நெட்வேர்க் வசதி ஒன்றிரண்டு கூடும். சிப்பில் இல்லாதது வராது. (மொட் பண்ணுவதே பிழை என்று சொல்லவில்லை. இன்றைக்குப் பலரும் பாவிக்கும் ‘கோடி’ (Kodi) என்ற வீடியோ பிளேயர் சொப்ட்வெயாரே மொட் பண்ணிய எக்ஸ்பொக்ஸ் கேம் பெட்டியில் பிறந்ததுதான். 2014 வரை அதன் பெயர் எக்ஸ்பிஎம்சி.)

நாலு நாள் கழித்துப் போனேன். பெட்டியின் விளக்கு மினுங்குகிறது, திரையில் ஒன்றும் இல்லை. “போர்ட் ஏற்கெனவே வீக், அண்ணை.” காசு திரும்ப வராதாம். வேண்டுமென்றால் விலையில் கொஞ்சம் குறைக்கிறோம் என்று ஓர் அண்ட்ரொயிட் பெட்டியை நீட்டினார். இன்னும் 19,000. அப்போதாவது எழும்பி வந்திருக்கலாம்.

ஸ்டிக்கரில் 8கே, 4 ஜிபி ரேம், 64 ஜிபி மெமரி என்று போட்டிருந்தது. செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தாலும் அதேதான். படங்களைக் கொப்பி பண்ணத் தொடங்கினேன். நாலைந்து ஜிபி தாண்டியதும் ஃபைல்கள் பழுதாயின. மாமாவின் மகன் அடியைக் கழற்றி, மெமரி சிப்பில் இருந்த எண்ணைத் தேடிப் பார்த்தான். 8 ஜிபிதான். செட்டிங்ஸில் பெரிய எண் காட்டும்படி ஃபர்ம்வெயாரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸும் 480பி தெளிவில்தான் ஓடியது. வைட்வைன் எல்1 என்ற களவுக் கொப்பித் தடுப்புச் சான்று இல்லாத பெட்டியில் அதற்கு மேல் தராது.

இதைவிடப் பயமான கதையும் உண்டு. 2023 ஜனவரியில் டி95 என்ற மலிவுப் பெட்டி ஒன்று, வாங்கும்போதே வைரஸோடு வந்தது கண்டுபிடிக்கப்பட்டது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, இப்படியான பெட்டிகளுக்குள் புகுந்து அவற்றைக் களவாக இயக்கும் பேட்பொக்ஸ் 2.0 என்ற வலையமைப்பைப் பற்றி எச்சரிக்கை விட்டது. என்னுடையதில் என்ன இருந்தது என்று ஆராய நான் நிற்கவில்லை. அப்பாவின் பாங்க் ஆப்பும் அதே வைஃபையில்தான். கழற்றி வைத்துவிட்டேன்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்துக் கதைத்தேன். பில் இருக்கிறதா என்றார்கள். இருந்தது; அதில் ‘டிவி பொக்ஸ் 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. 64 ஜிபி என்று விற்றதற்கு என் கையில் என்ன சாட்சி? பில்லில் மாடல், ரேம், மெமரி, வொரன்டி எல்லாவற்றையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கடைசியில் ஒஃபிஸில் கழித்த மினி கொம்பியூட்டர் ஒன்றை 38,000க்கு செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். ஒரு தடித்த புத்தகம் அளவுதான். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. இன்டெல் ஆறாம் தலைமுறை கொஞ்சம் மலிவு, ஆனால் நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் எச்.265ஐ முழுதாக விரிக்கும் பகுதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. நான் பென் டிரைவில் தங்கையின் வீடியோ ஒன்றைக் கொண்டுபோய், கடையிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, கோடி பிளேயரை ஓட்டுவதற்கென்றே இருக்கும் லிப்ரெலெக் என்ற சொப்ட்வெயாரைப் போட ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. கொம்பியூட்டரில் சிஇசி (டிவி ரிமோட்டாலேயே இணைத்த பெட்டியையும் இயக்கும் வசதி) இல்லாததால் டிவி ரிமோட் அதற்கு வேலை செய்யாது; யூஎஸ்பி ரிமோட் ஒன்று தனியாக வாங்க வேண்டி வந்தது. அப்பா இன்னும் இரண்டையும் மாற்றி மாற்றி அமத்திக்கொண்டிருக்கிறார்.