மன அழுத்தத்துக்கு அஸ்வகந்தா: கம்மீஸா, கேப்சூலா, சூரணமா?

அஸ்வகந்தா எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்வதைவிட, அதை எந்த வடிவில் வாங்குவது என்று முடிவு செய்யத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. மிட்டாய்போல மென்று தின்னும் கம்மீஸ், கேப்சூல், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அமுக்கரா (அஸ்வகந்தாவின் தமிழ்ப் பெயர்) சூரணம் ஆகிய மூன்றில் நான் தேர்ந்தெடுத்தது கேப்சூல். சுவையில் கம்மீஸும் விலையில் சூரணமும் முந்துகின்றன என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. என் முடிவைத் தீர்மானித்தது அளவு ஒன்றே.

இந்த மூலிகை மன அழுத்தத்தைக் குறைக்கிறது என்பதற்குப் பலரும் சுட்டிக்காட்டுவது, 2012இல் இந்தியாவில் வெளியான ஓர் ஆய்வு. அதில் பங்கேற்ற 64 பேரில் ஒரு பிரிவினருக்கு 300 மி.கி. வேர் எக்ஸ்ட்ராக்ட் (வேரிலிருந்து பிரித்தெடுத்த சாரம்) அடங்கிய கேப்சூல் நாளுக்கு இரண்டு வீதம் 60 நாள்கள் தரப்பட்டது. மருந்தில்லாத போலிக் கேப்சூலை விழுங்கியவர்களைவிட இவர்களுக்கு மன அழுத்த மதிப்பெண்ணும் கார்டிசோல் என்னும் மன அழுத்த ஹார்மோனின் அளவும் நன்கு குறைந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அந்தப் பலன் செறிவூட்டிய எக்ஸ்ட்ராக்ட்டுக்கும் அந்த அளவுக்கும் உரியதே தவிர, அஸ்வகந்தா என்று பெயர் தாங்கிய எல்லாவற்றுக்கும் உரியதன்று.

கம்மீஸ் தடுமாறுவது இங்கேதான். நான் புரட்டிப் பார்த்த டப்பா ஒன்றில், முன்பக்கம் பெரிதாக அச்சிட்டிருந்த மி.கி. கணக்கு இரண்டு கம்மீஸுக்கானது என்பது பின்பக்கப் பொடி எழுத்தில்தான் தெரிந்தது. உள்ளே இருப்பது எக்ஸ்ட்ராக்ட்டா வெறும் வேர்ப்பொடியா, வேரின் முக்கிய மருந்துப் பொருளான வித்தனோலைடு எத்தனை சதவீதம் என்பதற்கு விடையே இல்லை. சர்க்கரையும் அதைக் கெட்டியாக்கும் பெக்டினும் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும் ஒரு மிட்டாயில் மருந்துச் சரக்கை அதிகம் ஏற்ற முடியாது, ஏற்றினால் கசப்பு வெளியே வந்துவிடும். அச்சிட்ட அளவையும் அப்படியே நம்புவதற்கில்லை: அமெரிக்காவில் விற்கும் 25 மெலடோனின் (தூக்க ஹார்மோன்) கம்மீஸைப் பரிசோதித்து 2023இல் வெளியிட்ட முடிவின்படி, 22இல் லேபிளில் சொன்ன அளவு சரியாக இல்லை. அது வேறு பொருள்தான், ஆனால் வடிவம் இதே வடிவம்.

அளவு கூடினாலும் தொல்லைதான். அஸ்வகந்தாவால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன; கர்ப்பிணிகள், தைராய்டு மருந்தோ தூக்க மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. தித்திப்பாக இருக்கிறதே என்று இன்னொன்றை வாயில் போட்டுக்கொள்ளும் ஆசை கேப்சூலில் எழுவதில்லை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதைச் சொல்லவே வேண்டாம்.

சூரணத்தை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம் எல்லாம் சேர்ந்த மருந்து அது. சித்த மருத்துவர் நாடி பார்த்து, பாலிலா தேனிலா என்று அனுபானம் சொல்லித் தரும்போது அதற்குரிய கணக்கு வேறு. மேலே சொன்ன ஆய்வைக் கொண்டு அதை உயர்த்தவோ தாழ்த்தவோ முடியாது.

கேப்சூலால் எனக்குத் தூக்கம் மேம்பட்டது. ஆனால் மாலைக் காப்பியையும் அதே சமயத்தில்தான் நிறுத்தியிருந்தேன் என்பதால் முழுப் பெருமையையும் மருந்துக்குக் கொடுக்க மாட்டேன். கேப்சூலை விழுங்கவே முடியாதவர்கள் கம்மீஸ் வாங்கலாம், வேர் எக்ஸ்ட்ராக்ட்டின் அளவையும் வித்தனோலைடு சதவீதத்தையும் தெளிவாக அச்சிட்டிருந்தால் மட்டும்.