திருச்சி மருத்துவமனையில் ஓர் இரவு: வலி மருந்தும் மூச்சுக் கணக்கும்

டொராண்டோவிலிருந்து கோடை விடுமுறைக்குத் திருச்சி வந்த இரண்டாம் வாரத்தில், ஏழு வயது மகளுக்குக் குடல்வால் வீங்கி, தனியார் மருத்துவமனை ஒன்றில் அன்று மாலையே அறுவை சிகிச்சை நடந்தது. அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். கட்டணச் சீட்டும் அதே வேகத்தில் வந்தது வேறு கதை.

வலிக்கு மார்ஃபின் கொடுத்தார்கள். மயக்க மருத்துவர் அவளைத் தாமே எடை பார்த்து, கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்று 22 கிலோவுக்கு 1.1 மில்லிகிராம் எழுதினார். டான்சில் பெருத்து அவள் குறட்டை விடுவதைச் சொன்னதும், அத்தகைய குழந்தைகளுக்கு இம்மருந்தால் மூச்சு எளிதில் தடைப்படும் என்று விளக்கி, அளவை அதற்கு மேல் ஏற்ற வேண்டாம் என்றும் குறித்தார்.

குறை இரவில்தான் தெரிந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய், விரலில் இரத்த ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர், திரையில் 98 சதவீதம். பக்கத்துக் குழந்தை விழித்துவிடும் என்று அலாரத்தை அணைத்திருந்தார்கள். அட்டவணையில் மூச்சுக்கென்று ஒரு கட்டம் இருந்தது. மணிக்கு மணி ஒரே 20, எண்ணாமல் எழுதிய 20. மார்ஃபின் மூளையின் மூச்சுத் தூண்டலை மந்தப்படுத்துகையில் மூச்சு குறைந்து, கரியமில வாயு உடலில் தேங்குகிறது. ஆனால் குழாய் வழியே ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும் குழந்தைக்கு, நிலைமை வெகுவாக மோசமாகும் வரை விரல் கருவி நல்ல எண்ணையே காட்டக்கூடும். கடிகாரத்தைப் பார்த்தபடி மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணினேன்: 12. பெயர் சொல்லி அழைத்தும் கண் திறக்கவில்லை; தோளைத் தட்டிய பிறகே முனகினாள்.

"சிஸ்டர், நீங்களே ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்" என்றேன். எண்ணியவர் ஓடிப்போய் மருத்துவரை அழைத்து வந்தார். தாடையை முன்தள்ளிப் பிடித்து மூச்சுப்பாதையைத் திறந்தார்கள்; அடுத்த வேளை மார்ஃபின் நிறுத்தப்பட்டது. மார்ஃபினின் விளைவை முறிக்கும் நலாக்சோன் கட்டிலருகே தயாராக இருந்தது, போட நேரவில்லை. போட்டாலும் அதன் வேலை மார்ஃபினுக்கு முன்பே தீர்ந்துவிடலாம் என்பதால் கண்காணிப்பு தொடர வேண்டும் என்றார் மருத்துவர். பதினான்கு கட்டில்களுக்கு ஒரே செவிலியர் என்பதால் அவர் மீது மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

வீடு திரும்பும் நாளில் மருந்துச் சீட்டில், மார்ஃபின் வகையைச் சேர்ந்த டிரமடால் சொட்டு மருந்து இருந்தது. 12 வயதுக்குட்பட்டோருக்கு வலி மருந்தாக டிரமடாலும் அதே வகையான கோடீனும் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் அறிவித்துவிட்டது. சிலரது கல்லீரல் இவற்றை மிக விரைவாக வீரியமான பொருளாக மாற்றிவிடும். யாருக்கு அப்படி என்பது பார்த்தால் தெரியாது. இதைச் சொன்னதும் மருத்துவர் வாதிடாமல் அந்த வரியை அடித்துவிட்டு, பாராசிட்டமால் சிரப், கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணிக்கொரு முறை என்று எழுதினார். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.