நம் எம்.பி. போருக்கு ஓட்டுப் போட்டாரா? 'தே ஒர்க் ஃபார் யூ' இணையதளம்: ஒரு மதிப்பீடு

அரசு நடத்தும் போரின் பழியில் வாக்காளருக்கும் பங்கு உண்டா என்று சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர், தங்கள் எம்.பி. எந்தத் தேதியில் எந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களித்தார் என்று பார்த்திருக்கவே மாட்டார்கள். பிரிட்டனில் அதைப் பார்க்க எளிதான வழி 'தே ஒர்க் ஃபார் யூ'. மைசொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் நடத்துகிறது. 2004 முதல் இருக்கிறது. காசு கிடையாது, கணக்குத் தொடங்காமலே பார்க்கலாம். இந்திய, இலங்கைக் குடிமக்கள் உரிய விசாவில் அங்கே வசித்தால், காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் பிரிட்டிஷ் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போடலாம். அதனால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாதவர்களும் இதிலிருந்து நழுவ முடியாது.

முகப்பில் போஸ்ட்கோடைத் தட்டினால் எம்.பி.யின் பக்கம் வரும். அதில் வாக்களிப்பு விவரத்துக்குப் போய், வெளியுறவு, பாதுகாப்பு தொடர்பான பகுதியைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு கொள்கைக்கும் பக்கத்தில் 'பொதுவாக ஆதரித்தார்', 'ஆதரவும் எதிர்ப்பும் கலந்து வாக்களித்தார்' என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். நிறையப் பேர் அந்த வரியைப் படம் பிடித்துப் பகிர்ந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பல வருட வாக்கெடுப்புகளைப் பிழிந்தெடுத்த வரி அது. அதற்கு அடியில் உள்ள இணைப்பைத் தட்டி, தனித்தனி வாக்கெடுப்புகள் வரைக்கும் இறங்கினால்தான் சங்கதி தெரியும்.

2003 மார்ச் 18, இராக் போர் விவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு இரண்டு வாக்கெடுப்புகள் நடந்தன. போருக்கான நியாயம் இன்னும் நிறுவப்படவில்லை என்ற திருத்தம் முதலில் வந்தது. 217-க்கு 396 என்று தோற்றது. அடுத்து அரசின் மூலத் தீர்மானம் 412-க்கு 149 என்று நிறைவேறியது. திருத்தத்தை ஆதரித்தவர்கள் 217 பேர், மூலத் தீர்மானத்தை எதிர்த்தவர்கள் 149 பேர்: நடுவில் 68 குறைகிறது. முதல் சுற்றில் தயங்கிவிட்டு, இரண்டாவதில் அரசுடன் போனவர்களும் ஒதுங்கிக்கொண்டவர்களும் இந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள். 'நான் அன்றைக்கே எதிர்த்தேன்' என்று பின்னாளில் சொன்னவர் எந்தச் சுற்றைச் சொல்கிறார் என்று இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

மறுபக்கத்திலும் இதே வழுக்கல் உண்டு. 2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியா மீதான ராணுவ நடவடிக்கை குறித்த அரசுத் தீர்மானம் 272-க்கு 285 என்று தோற்றது. எதிர்த்து ஓட்டுப் போட்ட எல்லோரையும் சமாதானப் பிரியர்கள் என்று எழுதிவிட முடியாது. அதற்குச் சற்று முன் 220-க்கு 332 என்று தோற்ற, அப்போது எதிர்க்கட்சியாக இருந்த லேபர் கட்சியின் திருத்தம், முதலில் ஆதாரம் வேண்டும் என்று நிபந்தனை விதித்ததே தவிர, தாக்குதலே கூடாது என்று சொல்லவில்லை.

'வாக்களிக்கவில்லை' என்று வந்தால் அவசரப்பட வேண்டாம். எம்.பி.க்கள் அமரும் கீழவையான காமன்ஸ் சபையில் 'நடுநிலை' என்று பதிய முறையான வழி இல்லை. நோயாளி, வெளியூர் போனவர், எதிர்க்கட்சிக்காரரோடு பேசிவைத்து இருவருமாக விலகிக்கொண்டவர், வேண்டுமென்றே வராதவர் எல்லோரும் பதிவில் ஒன்றுதான். நடுநிலையைக் காட்ட விரும்பும் சிலர், ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஓட்டுப் பதியத் தனித்தனியாக நடந்து செல்லும் இரண்டு லாபிகளிலும் நடந்துவிடுவார்கள். பக்கத்துக்கு இரண்டு பேராகத் தலை எண்ணுகிற எம்.பி.க்கள் மொத்தக் கணக்கில் சேர மாட்டார்கள்; பெயர் தனியாக இருக்கும். எண்ணிக்கையில் இல்லை என்பதற்காக அவர் தயங்கினார் என்று நினைத்துவிடாதீர்கள்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. போர் தொடுக்கும் அதிகாரம் அங்கே மன்னரின் பெயரால் அரசு பயன்படுத்துவது. நாடாளுமன்றத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, மரபுதான். 2018 ஏப்ரலில் சிரியா மீதும், 2024 ஜனவரியில் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் மீதும் முன்கூட்டி வாக்கெடுப்பு இல்லாமலே தாக்குதல் நடந்தது. வாக்கெடுப்பு நடக்காத போருக்கு இந்தத் தளத்தில் மதிப்பெண்ணும் கிடையாது. சுத்தமாகத் தெரிகிற பக்கத்தைப் பார்த்து நிம்மதி அடைவது ஆபத்து. அப்படிப்பட்ட சமயத்தில் தேடல் பெட்டியில் நாட்டின் பெயரைப் போட்டு, உங்கள் எம்.பி. சபையில் பேசினாரா, அமைச்சரிடம் எழுத்துமூலம் கேள்வி கேட்டாரா என்று பார்க்க வேண்டும். ஆயுத ஏற்றுமதி உரிமங்களுக்கும் இதே கதிதான், அவையும் வாக்கெடுப்புக்கு வருவதில்லை.

வாக்காளரின் பங்குக்கு வருவோம். 2001 ஜூன் தேர்தலில், 2003-இல் ஆட்சியில் இருந்த லேபருக்கு ஓட்டுப் போட்டவர் தலையில் 2003 போரைக் கட்டுவது அநியாயம். இரட்டைக் கோபுரத் தாக்குதலே அப்போது நடந்திருக்கவில்லை. 2005-இல் ஓட்டுப் போட்டவருக்கு அந்தச் சாக்கு இல்லை. பெயர்வாரியான பட்டியல் இந்தத் தளத்தில் கிடந்தது. 35.2 சதவீத வாக்கோடு அதே அரசு திரும்ப வந்தது. ஆனால் பிரதான எதிர்க்கட்சியான கன்சர்வேடிவும் போரை ஆதரித்த கட்சி. பெரிய கட்சிகளில் எதிர்த்து நின்றது லிபரல் டெமாக்ரட்ஸ் மட்டுமே, கிடைத்தது 62 இடம். கட்சியைப் பார்த்து ஓட்டுப் போட்டவருக்கு வழி குறுகலாக இருந்தது, ஆளைப் பார்த்துப் போட்டவருக்கு அவ்வளவு குறுகல் இல்லை. ஏனென்றால் 139 லேபர் எம்.பி.க்கள் 2003-இல் அந்தத் திருத்தத்தின் பக்கம் நின்றிருந்தார்கள். தொகுதி அளவில் பிரித்துக் காட்டுவதில் இந்தத் தளத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

எம்.பி. புதியவர் என்றால் பழைய போர்கள் அவர் பக்கத்தில் இருக்காது. முன்னாள் உறுப்பினரின் பெயரைத் தேட வேண்டும். 2024 தேர்தலுக்காகத் தொகுதி எல்லைகள் மாறியதால், உங்கள் தெரு முன்பு வேறொருவரின் தொகுதியில் இருந்திருக்கலாம். இதை விட்டுவிட்டால் தப்பான ஆளைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மின்னஞ்சல் அறிவிப்பு வசதியைத் தவறவிடாதீர்கள். எம்.பி.யின் பெயருக்கு ஒன்று, 'யேமன்' போன்ற சொல்லுக்கு ஒன்று என்று பதிந்தால் போதும். வந்ததைப் படித்துவிட்டு எம்.பி.க்கு எழுத, அதே நிறுவனத்தின் 'ரைட் டு தெம்' தளம் இருக்கிறது. உங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கு மட்டும்தான் அனுப்பும். பலர் ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்பினால் தடுத்துவிடும். அதனால் நான்கு வரியானாலும் சொந்தமாக எழுதுங்கள்: வாக்கெடுப்பின் தேதி, அவர் நின்ற பக்கம், உங்கள் கேள்வி.