நாய்க்குப் பச்சைக் கறியா, பாக்கெட் தீனியா, வீட்டுச் சமையலா?

கோலாலம்பூரில் எங்கள் செந்தூல் பக்கம் நாய் வளர்க்கிற நாலு பேர் கூடினால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. பச்சைக் கறிக்காரர்கள் முதலில் எடுப்பது ஓநாய்க் கதையைத்தான்: நாய் ஓநாயின் வாரிசாம், சோறு அதற்கு ஆகாதாம். ஆனால் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு நாய்களிடம் ஓநாய்களைவிடப் பல மடங்கு இருப்பதாக 2013இலேயே ஆய்வு வந்துவிட்டது. நம்மோடு இத்தனை ஆயிரம் வருஷம் மிச்சம் மீதி தின்ற பிராணி, மாறாமலா இருக்கும்?

பச்சைக் கறியில் நல்லதே இல்லை என்று சொல்லமாட்டேன். நாய் ஆசையாகத் தின்னும், மலம் கொஞ்சமாக, கெட்டியாக வரும், அள்ளுகிறவருக்கு நிம்மதி. சிக்கல் நம் சமையற்கட்டில்தான். காலையில் பாசாரில், அதாவது சந்தையில், வாங்கிய கோழிக் கழுத்து சிங்க்கில் கிடந்து பனி விடுகிறது, அதன் தண்ணீர் கீரை அலசுகிற அதே பேசினில் சொட்டுகிறது, வெளியே முப்பது டிகிரிக்கு மேல் வெயில், கிருமிக்கு இதைவிட என்ன வேண்டும்! ஐஸ்பெட்டியில் உறைய வைத்தால் சால்மொனெல்லா என்கிற வயிற்றுப்போக்குக் கிருமி செத்துவிடும் என்று நம்புகிறார்கள், சாகாது, தூங்கும், அவ்வளவுதான். நாய்க்கு ஒன்றும் ஆகாமலே அதன் எச்சிலிலும் மலத்திலும் அந்தக் கிருமி வெளியேறலாம். தட்டை நக்கிய வாயோடு வந்து குழந்தையின் கன்னத்தையும் நக்கும் இல்லையா, அங்கேதான் எனக்கு உதறுகிறது. மலிவாகக் கிடைக்கும் அந்தக் கோழிக் கழுத்துக்கு இன்னொரு கெட்ட பெயரும் உண்டு. பச்சைக் கோழிக்கும், நாய்களுக்கு வரும் ஒருவகைத் திடீர்க் கால் செயலிழப்புக்கும் தொடர்பிருப்பதாக மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வு 2018இல் சொன்னது.

அப்புறம் நம் வீட்டுப் பிரச்சினை. மாட்டிறைச்சி வாசல் தாண்டாத வீட்டில், செவ்வாய் வெள்ளி கவிச்சியே கூடாது என்கிற பாட்டி இருக்கும் வீட்டில், பச்சைக் கறி முறையை யார் ஒழுங்காக நடத்துவது?

பாக்கெட் தீனி சலிப்பான பதில்தான், ஆனால் 'முழுமையான, சமச்சீரான உணவு' என்று போட்டிருந்தால் சத்துக் கணக்கை வேறொருவர் நமக்காகப் போட்டுவிட்டார் என்று அர்த்தம். அதிலும் சால்மொனெல்லா வந்து திரும்பப் பெற்ற கதைகள் உண்டு. இன்னொன்று, மலிவு என்று பெரிய மூட்டையாக வாங்கிப் பிரித்து வைத்தால் இந்த ஈரக்காற்றில் கொழுப்பு சிக்கு வாடை அடித்துவிடும், எறும்பு வேறு. சின்னப் பையாக வாங்குங்கள்.

வீட்டுச் சமையலுக்குத்தான் என் மனசு சாயும், ஆனால் வெறும் சோறும் கோழியும் போதாது. கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். குட்டி நாயை அதிலேயே வளர்த்தால் எலும்பு வலுவில்லாமல் போகும். குழம்புச் சோறு வேண்டவே வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

என் கட்சி இதுதான்: அடிப்படை பாக்கெட் தீனி, மேலே உப்பில்லாமல் வேகவைத்த கோழியோ பூசணியோ, ஒரு நாள் கலோரியில் பத்து சதவீதத்துக்குள். பச்சைக் கறிதான் என்று அடம்பிடிப்பவர்கள், உயர் அழுத்தத்தில் கிருமி நீக்கியதாகப் பொட்டலத்தில் போட்டிருப்பதை வாங்கி, கத்தியும் பலகையும் தனியாக வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் கைக்குழந்தையோ புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை எடுப்பவரோ இருந்தால் அதுவும் வேண்டாம்.