ஓரவையா, ஈரவையா?

நாடாளுமன்றத்துக்கு ஒரே அவை போதுமா (ஓரவை), மேலவை என்ற இரண்டாவது அவையும் வேண்டுமா (ஈரவை)? நியூசிலாந்து 1950-இல் தன் மேலவையை ஒழிக்கச் சட்டம் போட்டது. டென்மார்க் 1953-இலும் இலங்கை 1971-இலும் அதே வழியில் போயின. ஓரவையில் வேகம் அதிகம். சட்டம் சரியில்லை என்றால் யாரைக் கேட்பது என்பதும் தெளிவு. ஆனால் பெரும்பான்மைக் கட்சி அவசரப்பட்டால் தடுக்க இன்னொரு அவை இல்லை. மசோதாவை வரிவரியாகப் பார்க்கும் பாரம் முழுக்க நாடாளுமன்றக் குழுக்கள் மீது விழுகிறது.

ஈரவையில் மேலவைக்கு எவ்வளவு பலம் என்பதுதான் கேள்வியே. பிரிட்டனின் மேலவையான பிரபுக்கள் சபை பெரும்பாலான மசோதாக்களைச் சுமார் ஓராண்டு தள்ளிப்போடலாம். வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதா என்றால் ஒரு மாதம்தான். அமெரிக்க மேலவையான செனட்டோ எந்த மசோதாவையும் அடியோடு நிறுத்திவிட முடியும். அங்கே மாநிலத்துக்கு 2 பேர், மக்கள்தொகை எவ்வளவாக இருந்தாலும் சரி. மக்கள் மிகுந்த கலிபோர்னியாவுக்கும் மக்கள் குறைந்த வயோமிங்குக்கும் ஒரே எடை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால் 1787-இல் அரசியலமைப்பை எழுதியபோது அந்தச் சமரசம் இல்லாமல் சிறிய மாநிலங்கள் ஒப்புக்கொண்டிருக்காது.

சிறிய ஒற்றையாட்சி நாட்டுக்கு ஓரவை போதும், குழுக்கள் வலுவாக இருந்தால். மாநிலங்கள் சேர்ந்த பெரிய நாட்டில் இரண்டாவது அவை வேண்டும். அது மசோதாவைத் தள்ளிப்போடுவதற்கும் பிரிட்டனைப் போல ஒரு காலவரம்பு வைத்துவிடலாம் என்பேன்.