பழைய நாளிதழ் பாணி அட்டை வரிசை: பதிப்பிக்கும் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சொந்தமாக நூல் வெளியிடும் எழுத்தாளர்களும் சிறு பதிப்பகம் நடத்தும் நண்பர்களும், அட்டை வடிவமைப்புக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் நான்கு நூல்களுக்கும் பழைய நாளிதழின் முதற்பக்கத்தைப் போன்ற அட்டைகளை ஒரே வரிசையாகச் செய்து தருவதாக ஒரு வடிவமைப்பாளர் ஒப்புக்கொண்டார். பேசிய கட்டணம் 32,000 ரூபாய். அதில் பாதியை முன்பணமாகவும் கால் பங்கை மாதிரி காட்டியதும் வாங்கிக்கொண்டவர், அச்சுக்கே அனுப்ப முடியாத நான்கு படங்களைக் கொடுத்துவிட்டுத் தொடர்பைத் துண்டித்துக்கொண்டார். வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பியிருப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர் செய்த முறையைச் சொல்வதற்குத் தடை ஒன்றும் இல்லை. அந்த முறை அவர் ஒருவருடையது மட்டுமன்று என்பதையும் விசாரித்தபோது தெரிந்துகொண்டேன்.

நூல்கள் நான்கும் சென்னை நகரின் நான்கு ஆண்டுகளைப் பற்றியவை. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் கப்பல் குண்டு வீசித் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது முதல் நூலின் பொருள். தமிழ்ப் பேசும்படம் வந்த 1931, ஜப்பானியர் தாக்குதலுக்கு அஞ்சி மக்கள் ஊரைக் காலி செய்த 1942, டிராம் வண்டிகள் நின்றுபோன 1953 ஆகியவை மற்ற மூன்றுக்கும் பொருள். ஒவ்வோர் அட்டையும் அந்தந்த ஆண்டின் நாளிதழ் முதற்பக்கமாக இருக்க வேண்டும் என்பதும், நான்கையும் அடுக்கி வைத்தால் ஒரே இதழின் நான்கு காலத்துப் பிரதிகளாகத் தோன்ற வேண்டும் என்பதும் நான் கேட்டவை. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பார்த்து எடுத்த குறிப்புகளையும், எந்தக் காலத்தில் முதற்பக்கம் எப்படி இருந்தது என்ற விளக்கத்தையும், திருத்தக்கூடிய மூலக் கோப்புகள் கட்டணத்தில் அடக்கம் என்ற நிபந்தனையையும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பினேன். அனைத்துக்கும் ‘சரி’ என்று அவர் பதில் எழுதினார்.

வரிசை அட்டை என்றால் ஒரே பழுப்பு நிறமும் ஒரே கிழிந்த ஓரமும் என்று பலர் நினைக்கிறார்கள்; இந்த வணிகமே அந்த நினைப்பை நம்பித்தான் நடக்கிறது. உண்மையில் வரிசையை வரிசையாக்குவது நிறத்துக்கு அடியில் இருக்கும் எலும்புக்கூடு. இதழின் பெயர் மேல்விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் கீழே தொடங்குகிறது, அதன் கீழே செல்லும் இரட்டைக் கோடு எவ்வளவு தடிமன், பக்கம் எத்தனை பத்திகளாகப் பிரிகிறது, நூலின் தலைப்பு எந்தப் பத்தியில் தொடங்கி எதில் முடிகிறது, தேதியும் விலையும் எங்கே அமர்கின்றன என்பவை நான்கு அட்டைகளிலும் மாறாமல் இருக்க வேண்டும். அவை மாறாமல் இருந்தால்தான் மாறுபவை, அதாவது படமும் தலைப்பும் காலத்தின் நடையும், கண்ணில் படும். இதற்கு ஒரே ஒரு அடிப்படைக் கோப்பைக் கவனமாக அமைத்து, அதிலிருந்து நான்கையும் வார்க்க வேண்டும். எனக்குக் கிடைத்த நான்குக்கும் அப்படி ஓர் அடிப்படையே இல்லை. ஒன்றில் ஐந்து பத்திகள், இன்னொன்றில் ஆறு, 1942க்கு உரியதில் பத்திக் கோடுகள் பாதி வழியில் வளைந்து மறைந்துபோயின. ஒவ்வொன்றும் தனித்தனியே செயற்கை நுண்ணறிவுச் செயலியில் உருவாக்கப்பட்டு, மேலே தலைப்பு மட்டும் தட்டச்சு செய்து ஒட்டப்பட்ட படம்.

அலைபேசித் திரையில் அவை அழகாகவே இருந்தன. வாட்ஸ்அப்பில் வந்த மாதிரியின் அடிப்படையில்தான் இரண்டாவது தவணை கேட்கப்பட்டது என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். முழு அளவுக் கோப்பு பிறகு வந்ததும், கணினியில் நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி முதல் பத்தியைப் படிக்கத் தொடங்கினேன். தட்டச்சு செய்யப்பட்ட முதல் இரண்டு வரிகளுக்குக் கீழே தமிழே இல்லை. ‘ழ’வைப் போலத் தொடங்கிக் ‘கு’வைப் போல முடியும் ஒரு வடிவம், புள்ளி உள்ளே விழுந்த ஒரு ‘ப’, சுழி இரண்டு பக்கமும் திரும்பிய ஏதோ ஒன்று என, எழுத்தைப் போல் தோன்றி எந்த எழுத்தும் ஆகாத கோடுகள் பத்தி பத்தியாக நிரம்பியிருந்தன. தமிழ் வாசகர் கையில் எடுக்கப்போகும் நூலின் முகப்பில், தமிழைத் தெரியாத ஒரு பொறி தமிழைப் போல வரைந்ததை அச்சிட்டுக் கொடுப்பதை என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது. அட்டையின் பின்னணிதானே, யார் படிக்கப்போகிறார்கள் என்று அவர் கேட்டார். நாளிதழைப் போல ஒன்றைக் கண்டால் படித்துப் பார்ப்பதுதான் வாசகரின் முதல் வேலை.

சரியாகத் தட்டச்சு செய்யப்பட்ட வரிகளிலும் காலம் பிழையாக இருந்தது. இன்று நாம் எழுதும் ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய வடிவங்கள் தமிழக அரசின் 1978 அக்டோபர் ஆணைக்குப் பிறகே பொதுவழக்காயின. பெரியார் 1935லேயே தம் இதழில் அவற்றைக் கையாண்டார் என்றாலும், மற்ற நாளிதழ்கள் நெடுங்காலம் யானைத் துதிக்கை போல வளைந்த பழைய வடிவத்தையே அச்சிட்டன. இதில் நண்பர்களுக்கு எளிதான சோதனை ஒன்று இருக்கிறது. பழைய நாளிதழின் தலைப்பு வரியில் ஊரும் விலையும் இருக்கும். ‘சென்னை’ என்பதிலும் ‘விலை’ என்பதிலும் இந்த எழுத்து வந்துவிடுகிறது. அந்த இரண்டு சொற்களையும் பார்த்தாலே வடிவமைப்பாளர் ஒரு பழைய இதழையாவது விரித்துப் பார்த்தாரா என்பது தெரிந்துவிடும். யூனிகோடில் இரு வடிவங்களுக்கும் குறியீடு ஒன்றே என்பதால், வழக்கமான எழுத்துருவில் தட்டினால் புதிய வடிவமே வரும். பழையதைத் தரும் எழுத்துருவைத் தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது அந்தச் சில எழுத்துகளைக் கையால் வரைந்து சேர்க்க வேண்டும். அந்த உழைப்புக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். இதைத் தம் சிறப்புத் திறமை என்று சொல்லித்தான் அவர் வேலையையே பெற்றார்.

விலையும் அப்படியே. 1914 அட்டையில் ‘25 பைசா’ என்று இருந்தது. தசம நாணய முறை 1957 ஏப்ரலில்தான் வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா என்பதே கணக்கு. 1942 அட்டையில் 2010இல் ஏற்கப்பட்ட ரூபாய்ச் சின்னமே இடம்பெற்றிருந்தது. எம்டன் வந்த ஆண்டு தமிழ்க் கணக்கில் ஆனந்த வருஷம் என்று நானே எழுதிக் கொடுத்திருந்தும், அட்டையில் வேறொரு வருஷத்தின் பெயர் இருந்தது. இன்னொன்றையும் விரிவாக எழுதிக் கொடுத்திருந்தேன்: அக்காலத்து நாளிதழ்கள் பலவற்றில் முதற்பக்கம் விளம்பரங்களுக்கே உரியதாக இருந்தது, ‘தி இந்து’கூட 1958 வரை முதற்பக்கத்தில் விளம்பரங்களையே வெளியிட்டுவந்தது. ஆகையால் 1914க்கு உரிய அட்டையில் ஓரப் பத்திகள் இரண்டும் சிறு விளம்பரங்களாக இருக்கட்டும், நடுவில் செய்தி வரட்டும், அட்டை அகலத்துக்குப் பரந்த தலைப்பு வேண்டாம் என்று கேட்டிருந்தேன். வந்த படத்தில் இருந்ததோ இன்றைய மாலை நாளிதழின் அலறும் தலைப்பு. டிராம் நூலுக்கு வந்த முதல் மாதிரியில், இன்றும் வெளிவருகிற ஒரு நாளிதழின் பெயர்ப்பலகையை ஓர் எழுத்து மட்டும் மாற்றிப் பயன்படுத்தியிருந்தார். அதை அப்படியே அச்சிட்டிருந்தால் வணிகச் சின்ன வழக்கு என் வாசலுக்குத்தான் வந்திருக்கும்.

அச்சகத்தில் வெளிப்பட்டவை இன்னும் மோசமானவை. எங்கள் நூல்கள் டெமி அளவு, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டுமென்றால் முன்னட்டைக்கு மட்டும் 1650க்கு 2550 புள்ளிகள் தேவை. அவர் கொடுத்த படங்களின் அசல் அளவு 1024க்கு 1536. அதை வெறுமனே ஊதிப் பெரிதாக்கி, 300 என்று குறித்து அனுப்பியிருந்தார். கோப்பின் விவரத்தில் 300 என்று இருப்பதால் நமக்குத் தெரியாது; அச்சகத்தில் பிளேட்டுக்கு, அதாவது அச்சுத் தகட்டுக்கு, கோப்பைத் தயார் செய்பவர் கோடுகளின் ஓரத்தைக் காட்டியபோதுதான் அவை மெழுகு உருகியதைப் போல் இருப்பதைக் கண்டேன். சிறிய எழுத்துகள் எல்லாம் கறுப்பு மை ஒன்றில் இல்லாமல் நான்கு நிறங்களின் கலவையில் இருந்தன. இயந்திரத்தில் ரெஜிஸ்டர், அதாவது நான்கு நிறங்களும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துவது, ஒரு மயிரிழை விலகினாலும் ஒவ்வோர் எழுத்தின் பக்கத்திலும் சிவப்பும் நீலமுமாக நிழல் விழும். டிராம் அட்டையில் வண்டியின் படம் மட்டும் எங்கோ ஒரு பழைய இதழிலிருந்து ஸ்கேன் செய்து சேர்க்கப்பட்டது. அதில் ஏற்கெனவே இருந்த அச்சுப் புள்ளிகள் புதிய அச்சின் புள்ளிகளோடு மோதி, சோதனை அச்சான புரூஃபில் வண்டியின் பக்கவாட்டு முழுவதும் அலை அலையாகக் கோலம் விழுந்திருந்தது. பழைய படங்களைக் கையாளுகிறவர் யாரும் அந்தப் புள்ளிகளை முதலில் நீக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

முதுகுப் பகுதியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அலமாரியில் வரிசை என்பது அங்கேதான் தெரிகிறது. என் நூல்களில் மிகச் சிறியது 176 பக்கம், பெரியது 320. நாங்கள் பயன்படுத்தும் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம் எடை) மேப்லித்தோ தாள் ஒன்று சுமார் 0.09 மில்லிமீட்டர் தடிமன் என்று அச்சகம் சொன்னது. 88 தாள்களுக்கு முதுகு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர், 160 தாள்களுக்கு 14க்கும் மேல். பக்க எண்ணிக்கையையும் தாளையும் முன்கூட்டியே கொடுத்திருந்தும், நான்குக்கும் 12 மில்லிமீட்டர் என்று ஒரே அளவில் முதுகை வைத்திருந்தார். சிறிய நூலில் தலைப்பின் கோடு முன்னட்டைக்கு வழிந்தது. பெரிய நூலில் பின்னட்டையின் கிழிந்த ஓரம் முதுகின் மேல் ஏறியது. அச்சுக்கு முன் செய்து பார்க்கும் மாதிரி நூல்களான நான்கு டம்மிகளையும் சேர்த்து நிறுத்தியபோது, ஒரே உயரத்தில் ஓட வேண்டிய இரட்டைக் கோடு நான்கு உயரங்களில் நின்றது.

திருத்தம் கேட்டபோதுதான் அவருடைய பேச்சு மாறியது. மூலக் கோப்புகளை அனுப்பினால் நாங்களே திருத்திக்கொள்கிறோம் என்றதற்கு, அவற்றுக்குத் தனியாக 15,000 ரூபாய் என்றார். மின்னஞ்சலில் அடக்கம் என்று ஒப்புக்கொண்டதை எடுத்துக் காட்டியதும், படைப்பின் உரிமை தம்முடையது என்று வாதிட்டார். இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நண்பர்கள் அறிந்திருப்பது நல்லது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். நூல் பதினைந்து ஆண்டுகள் விற்கும், சிங்கப்பூருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகும் என்று நினைப்பவர்கள் இரண்டையும் எழுதி வாங்க வேண்டும். அவரோ பிறகு எந்தக் கோப்பையும் அனுப்பவில்லை; அனுப்புவதற்கு அடுக்குகள் பிரிந்த கோப்பு எதுவும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அவர் முதலில் காட்டிய மாதிரிகளை நண்பர் ஒருவர் கூகுளில் படத்தைக் கொண்டு தேடிப் பார்த்ததில், இரண்டு அட்டைகள் வேறு ஓவியர்கள் பிற பதிப்பகங்களுக்குச் செய்தவை என்பது தெரிந்தது. அவற்றின் கீழ்மூலையில் இருந்த ஓவியர் பெயர் அழிக்கப்பட்டிருந்தது.

இப்போது அட்டைகளை வேறொரு வடிவமைப்பாளர் முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறார். அவர் படம் எதையும் காட்டுவதற்கு முன்பே, நான்கு முதுகுகளும் பத்திக் கோடுகளும் மட்டும் கொண்ட வெற்று அமைப்பை அனுப்பி ஒப்புதல் கேட்டார். பத்திகளில் வரும் செய்திகளை என் நூல்களின் பகுதிகளிலிருந்தே எடுத்துத் தரச் சொன்னார். முதல் தவணைக்கான மாதிரியையே அச்சுக்கு உரிய பிடிஎஃப் ஆகவும் ஒரு பத்தி முழு அளவில் தெரியும்படியும் கொடுத்தார். வேலை தெரிந்தவர்கள் இவற்றை நாம் கேட்காமலேயே செய்கிறார்கள். யாரிடமாவது நீங்கள் கேட்டும் தயங்கினால், பணத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் கொடுத்த 24,000 ரூபாயில் ஒன்றும் திரும்பவில்லை. அறிவிப்புக்குப் பதிலும் இல்லை. இதற்கிடையில் எனக்குச் செய்த அதே நான்கு படங்கள், என் தலைப்புகள் நீக்கப்பட்டு, ‘பழைய நாளிதழ் பாணி வரிசை, மூன்று நாளில்’ என்ற விளம்பரத்தோடு வேறொரு பெயரிலான இன்ஸ்டாகிராம் கணக்கில் மாதிரிகளாகக் காட்டப்படுகின்றன. அந்த விளம்பரத்தைப் பார்த்து யாரேனும் பேசத் தொடங்கியிருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் எனக்கு எழுதுங்கள். எனக்கு வந்த கோப்புகளையும் மின்னஞ்சல்களையும் அனுப்பிவைக்கிறேன், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.