ஜீப்ரா ஃபின்ச்: கொழிஞ்சாம்பாறையில் ஐந்து வருடம்

"ஜீப்ரா ஃபின்ச் குஞ்சு பொரிக்க என்ன பண்ணணுங்க?" என்று மாதத்துக்கு இரண்டு பேராவது எனக்குப் போன் போடுகிறார்கள். கூண்டில் வளர்க்கிற சின்னக் குருவி அது. ஒன்றும் பண்ண வேண்டாம். ஒரு சேவல், ஒரு பெட்டை, கூடு வைக்க ஒரு மண்பானை, கொஞ்சம் தினை, இவ்வளவு இருந்தால் அவையே பார்த்துக்கொள்ளும். எப்படி நிறுத்துவது என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு அது புரிவதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது, ஒரு நல்ல பெட்டையும் செத்துப்போனது.

எங்கள் வீடு பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு கொங்குத் தமிழில். 2020 கடைசியில் கோவையிலிருந்து ஒரு ஜோடி வாங்கி வந்தேன், 400 ரூபாய். சாம்பல் நிறத்தில் சாதாரண வகை. சேவலுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, நெஞ்சில் வரிக்குதிரை மாதிரி கோடு, விலாவில் வெள்ளைப் புள்ளி. பெட்டைக்கு இதெல்லாம் கிடையாது, மூக்கும் சேவலுடையதைவிட வெளிறிய ஆரஞ்சு. சத்தம் என்னவோ திருவிழாக் கடையில் விற்கிற பீப்பீ மாதிரி இருக்கும். முதல் வாரம் பக்கத்து வீட்டுச் சேச்சி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இதெந்தா, மொபைலாணோ?" என்று கேட்டார்.

கடைக்காரர் கூடவே மூங்கில் கூண்டு ஒன்றையும் தள்ளிவிட்டார். அழகாகத்தான் இருந்தது, ஆனால் உயரம் அதிகம், அகலம் இல்லை. ஃபின்ச் கிளி மாதிரி கம்பியைப் பிடித்து ஏறாது. பக்கவாட்டில்தான் பறக்கும். இப்போது வைத்திருப்பது மூன்றரை அடி நீளக் கூண்டு, அரை அங்குல வலை. அதைவிடப் பெரிய கண்ணாக இருந்தால் குஞ்சு தலையை நுழைத்துக்கொள்ளும், சின்னப் பாம்பும் உள்ளே வந்துவிடும். உட்காரக் கொய்யாக் கிளை வெட்டிப் போட்டிருக்கிறேன்.

தீனி விஷயத்தில் புதிதாக வளர்ப்பவர்கள் எல்லாரும் செய்கிற ஒரு தப்பு இருக்கிறது, நானும் செய்தேன். தினை, சாமை, பனிவரகு கலந்து ஒரு கிண்ணத்தில் போட்டால், உரித்த உமியை அதே கிண்ணத்தில்தான் விட்டுவைக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும், உள்ளே ஒரு மணி கூட இருக்காது. இவ்வளவு சின்ன உடம்பு, பன்னிரண்டு கிராம்தான், ஒரு நாள் பட்டினியைக் கூடத் தாங்காது. தினமும் காலையில் ஊதிப் பார்த்துவிட்டுப் புதுத் தினை போடுவது எங்கள் வீட்டில் அத்தையின் வேலை. "எங்க அப்பச்சி சோளக்காட்டுல குருவி ஓட்டுனாரு, நான் குருவிக்குப் பொடைக்கறேன்" என்பார். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டுமருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டு வாங்கிக் கூண்டில் கட்டிவிட்டால் கொறித்துக்கொண்டே இருக்கும். கணவாய் மீனின் ஓடுதான் அது. கணவாய்க் காற்று வீசுகிற ஊரில் கணவாய் ஓட்டுக்கு மட்டும் காசு!

அந்தக் காற்றையும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்றுக்குப் பனைமரமே ஆடும். கூண்டின் மேற்குப் பக்கமும் கூரையும் தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறேன். பங்குனி, சித்திரையில் நேர்மாறு, 40 டிகிரி. அப்போது ஈரச் சாக்கும், குளிக்க ஒரு தட்டில் தண்ணீரும். நாளுக்கு மூன்று முறை தண்ணீர் மாற்றினாலும் மூன்று முறையும் குளித்துத் தெறிக்கும். வெயில் இவற்றுக்குப் புதிது இல்லை, பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. 26 டிகிரிக்கு மேல் சூடானால் தாய் தகப்பன் முட்டைக்குள் இருக்கிற குஞ்சிடம் ஒரு தனிக் குரலில் கூவுகின்றன, அதைக் கேட்டுப் பொரித்த குஞ்சு சூட்டில் சற்றுச் சிறிதாகவே வளர்கிறது என்று அந்த நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2016இல் கண்டுபிடித்தார்கள். 26 டிகிரி எங்களுக்குச் சித்திரை மாத விடியற்காலை. இங்கே பொரிக்கிற எல்லாக் குஞ்சும் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் பொரிக்கும் போலிருக்கிறது.

சரி, முட்டைக் கதைக்கு வருகிறேன். பானை கட்டிய பத்தாம் நாள் முதல் முட்டை. தினம் ஒன்றாக ஐந்து முட்டை, சின்னதாக, வெள்ளையாக. பகலில் இரண்டும் மாறி மாறி அடை காக்கும், ராத்திரி இரண்டுமே பானைக்குள். பதின்மூன்று நாளில் பொரித்தது. மூன்று வாரத்தில் குஞ்சுகள் பானையை விட்டு வெளியே வந்தன, மூக்கு மட்டும் கறுப்பாக. வீடே கூண்டுக்கு முன்னால் நின்றது. அந்தக் குஞ்சுகள் தானாகத் தின்னப் பழகுவதற்குள் அம்மா அடுத்த முட்டையைப் போட்டுவிட்டது. நாங்கள் கைதட்டினோம். பானைக்கு மெத்தை வேண்டுமென்று சேவல் தன் குஞ்சின் முதுகு இறகையே பிடுங்கியபோது கூட எனக்கு உறைக்கவில்லை.

காட்டில் இவை மழையைப் பார்த்துத்தான் கூடு கட்டும். மழை பெய்து புல் விதை பிடிக்கிற சமயம் குஞ்சுக்குத் தீனி கிடைக்கும், மற்ற நாளில் சும்மா இருக்கும். நம் வீட்டில் தினையும் தண்ணீரும் தீருவதே இல்லை. அவற்றின் கணக்கில் எந்நாளும் மழை பெய்த மறு மாதம்தான். போதாக்குறைக்கு நான் தினமும் அவித்த முட்டை வேறு மசித்து வைத்தேன். பதினோரு மாதத்தில் ஐந்து ஈடு, பத்தொன்பது பறவை.

ஆறாவது ஈட்டின்போது, மார்கழிக் குளிரில், பெட்டை கூண்டின் தரையில் பந்து மாதிரி உப்பி உட்கார்ந்திருந்தது. முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொண்டது. சுண்ணாம்புச் சத்து வற்றிப்போன உடம்பு, கூடவே குளிர். பல்பு போட்டுச் சூடு காட்டினேன். எங்கள் பக்கத்தில் ஆடு மாடு பார்க்கிற டாக்டர்தான். அவர் என்ன செய்வார், பாவம். விடியும் முன் போய்விட்டது. அதை நோய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் வைத்த தீனியும் நான் கழற்றாத பானையும்தான்.

இப்போது வருடத்துக்கு இரண்டே ஈடு. இரண்டாவது ஈட்டுக் குஞ்சு தானாகத் தின்ன ஆரம்பித்ததும் பானையைக் கழற்றி அட்டாலியில் போட்டுவிடுவேன். கூடு கட்ட நாரும் கிடையாது, அவித்த முட்டையும் கிடையாது. சேவல் தனி, பெட்டை தனி, ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்கிற தூரத்தில். பானை இல்லையென்றால் தீனிக் கிண்ணத்திலேயே கூடு கட்டும், அதனால் அகலக் கிண்ணத்தை எடுத்துவிட்டுத் தீனிக் குழாய் வைத்தேன். மீறி முட்டை போட்டால் தூக்கி எறியக் கூடாது, எறிந்தால் உடனே மறுபடி போடும். அவித்து ஆறவைத்துத் திரும்ப வைத்துவிடுகிறேன். பொரிக்காத முட்டைமேல் உட்கார்ந்து உட்கார்ந்து அதுவே சலித்து எழுந்துவிடும். கேட்பவர்களுக்குக் கொஞ்சம் கொடுமையாகத் தெரியலாம். தரையில் உப்பி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவனுக்குத் தெரியாது. குஞ்சுகளையும் இரண்டு மாதத்துக்குள் பிரித்துவிட வேண்டும், மூன்றாம் மாதமே அண்ணனும் தங்கையும் ஜோடி சேர்ந்துவிடும்.

சில்லறைச் சங்கடங்கள் நிறைய. தேங்காய் நாரை நீளமாகப் போட்டதில் ஒரு குஞ்சின் கால் சுற்றி வீங்கிவிட்டது. இப்போது இரண்டு அங்குலத்துக்கு வெட்டித்தான் போடுகிறேன், நூலும் பஞ்சும் பக்கத்திலேயே வராது. ஒரு முறை எறும்பு ஏறி, அன்று பொரித்த இரண்டு குஞ்சை முடித்துவிட்டது. அன்றிலிருந்து கூண்டின் நாலு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில். இன்னொரு கடையில் வெள்ளை ஜோடி என்று வாங்கினேன், ஒன்பது முட்டை, அத்தனையும் கூமுட்டை. ஆறாம் நாள் போன் டார்ச்சை வைத்துப் பார்த்தபோது ஒன்றில் கூடச் சிவப்பு நரம்பு ஓடவில்லை. இரண்டுமே பெட்டை! வெள்ளை வகையில் கன்னத் திட்டு தெரியாது, மூக்கின் நிறத்தை வைத்துத்தான் வாங்க வேண்டும். அப்புறம் ரோட்டோரம் கூடையில் பச்சையும் சிவப்புமாகச் சாயம் பூசி விற்பது ஃபின்ச் இல்லை, நம் வயலில் பிடித்த சில்லைக் குருவி. அதை வாங்குவதும் வளர்ப்பதும் 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

எனக்கு மிகவும் பிடித்தது பாட்டு. சேவல் மட்டும்தான் பாடும், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பாட்டு, அதையும் மூன்று மாத வயதுக்குள் அப்பாவிடம் கேட்டுப் படிக்கும். பாட்டு எப்படிப் படிகிறது என்பதை ஆராய்வதற்காகவே உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கிறார்கள். கோழிக்கு அடுத்து மரபணுத் தொகுதி முழுதும் படிக்கப்பட்ட பறவை இதுதான், 2010இல். எங்கள் முதல் சேவலின் பாட்டில் கடைசியாக ஒரு சின்ன விக்கல் வரும். அது இப்போது பேரனிடமும் வருகிறது. அத்தைக்கு எல்லாப் பாட்டும் ஒன்றுதான். எனக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் ஆள் தெரியும்.

தற்சமயம் இருப்பது ஏழு, நாலு சேவல், மூன்று பெட்டை. குஞ்சு வேண்டுமென்று கேட்பவர்களிடம் நான் காசு வாங்குவதில்லை. முதலில் கூண்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். மூங்கில் கூண்டாக இருந்தால், "இப்போதைக்குக் குஞ்சு இல்லைங்க" என்று சொல்லிவிடுவேன்.